அப்பாவின் மொனிற்றரும் பத்தாயிரம் டொலர் கொம்பியூட்டரும்

போன கிழமை சித்தியின் மகன் எனக்கு இரண்டு படங்கள் அனுப்பியிருந்தான். இரண்டும் லப்டொப். ஒன்று 1,050 டொலர், மற்றது 2,300 டொலர். கீழே ஒரே ஒரு வரி: "அக்கா, அந்தக் கூடின காசுக்கு அது பெறுமதியோ?"

செப்டம்பரில் அவனுக்குப் பல்கலைக்கழகம் தொடங்குகிறது. சித்தி ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறார். வித்தியாசம் 1,250 டொலர். அது சித்திக்கு எத்தனை இரவு என்ற கணக்கு அவனுக்கும் தெரியும். அதனால்தான் சித்தியிடம் கேட்காமல் என்னிடம் கேட்டான்.

நான் உடனே பதில் போடவில்லை. இதே கேள்வி எங்கள் வீட்டில் 1996இல் வந்தது. ஒழுங்கான பதில் இல்லாமல் இன்றுவரை கிடக்கிறது.

அப்போது எனக்கு எட்டு வயது. ஸ்காபரோவில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தோம். அப்பா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அந்த வருடம் எங்களுக்கு ஒரு சீட்டு விழுந்தது. சீட்டு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் மாதாமாதம் காசு போடும். அவசரம் உள்ளவர் ஒரு தொகையை விட்டுக்கொடுத்து முழுச் சீட்டையும் முன்னதாகவே எடுப்பார். அந்த விட்டுக்கொடுப்புக்குக் கழிவு என்று பெயர். அப்பா கழிவு போய் எடுத்தார். அது ஒரு பழைய கார் வாங்கத்தான் என்று அம்மா நினைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கார் வரவில்லை. நான்கு பெரிய பெட்டிகள் வந்தன. 3,100 டொலருக்கு ஒரு கொம்பியூட்டர். அதில் 17 அங்குல மொனிற்றர் மட்டும் 900 டொலர்.

மொனிற்றரை மூட்டியதும் வெள்ளைத் திரையில் குறுக்காக இரண்டு மெல்லிய கோடுகள் தெரிந்தன. "இவ்வளவு காசு குடுத்து வாங்கினது, முதல் நாளே கோடு விழுந்திருக்கு" என்றார் அம்மா. அது பழுது இல்லை. அந்த வகை உயர்விலைப் படக்குழாய்களுக்குள் ஆயிரக்கணக்கான மெல்லிய நிலைக்குத்துக் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அவை அதிராமல் பிடிக்க ஒன்றோ இரண்டோ கம்பிகளைக் குறுக்கே வைப்பார்கள். திரையில் விழுவது அவற்றின் நிழல். படம் தெளிவாக இருப்பதற்காகக் கொடுக்கும் விலை அந்தக் கோடு. இதை அப்பா அம்மாவுக்கு விளங்கப்படுத்தினார். அம்மா இன்றுவரை நம்பவில்லை.

அடுத்த இரண்டு குளிர்காலமும் அம்மா பஸ் தரிப்பிடத்தில் நின்றார். 1998இல் பக்கத்து வீட்டு மாமா, ஒரு சின்னக் கடையில் பொருத்திக் கொடுத்த கொம்பியூட்டர் ஒன்றை 1,400 டொலருக்கு வாங்கினார். அது எங்களுடையதைவிட வேகமாக ஓடியது. எங்கள் சீட்டுக்காசு அப்போதுகூடக் கட்டி முடியவில்லை.

ஆகவே, பெறுமதியோ? தம்பிக்குப் பதில் சொல்வதற்காக, விலைகூடிய கணினிகளின் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்த்தேன். இனி வரும் விலைகள் எல்லாம் அமெரிக்க டொலரில்.

1981 ஓகஸ்ட் மாதம் ஐ.பி.எம். தன் முதல் தனிநபர் கணினியை விற்பனைக்கு அறிவித்தது. தொடக்க விலை 1,565 டொலர். அந்த விலைக்கு மொனிற்றர் இல்லை, டிஸ்க் இல்லை, நினைவகம் வெறும் 16 கிலோபைட். அலுவலகங்களில் அதோடு சேர்த்து வாங்கியது ஒரு பச்சை எழுத்துத் திரை. அந்தத் திரை எப்படி வேலை செய்தது என்று தெரிந்தால்தான் மற்றவை ஏன் விலை கூட என்பது விளங்கும்.

பச்சைத் திரையில் 25 வரிகள். வரிக்கு 80 எழுத்துகள். மொத்தம் 2,000 இடங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் கணினி 2 பைட் மட்டும் நினைவில் வைத்தால் போதும்: அங்கே எந்த எழுத்து, அது தடிப்பாகவா அடிக்கோட்டோடா. ஆக, முழுத் திரைக்கும் 4,000 பைட். எழுத்துகளின் உருவம் கணினியின் நினைவில் இல்லை. அது ஒரு சில்லில் தொழிற்சாலையிலேயே பதித்து வந்தது. மொத்தம் 256 உருவங்கள். ஆங்கில எழுத்துகள், சில ஐரோப்பிய எழுத்துகள், கட்டம் போடக் கோடுகள், சீட்டுக்கட்டில் வரும் ஆட்டின், டயமன்ட். சிரிக்கும் முகம்கூட ஒன்று இருந்தது. 'அ' இல்லை. நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தத் திரையில் உங்கள் அம்மாவின் பெயரைத் தமிழில் எழுத முடியாது.

இதற்கு மாற்று வழி, திரையில் உள்ள ஒவ்வொரு பிக்சலையும் தனித்தனியே நினைவில் வைப்பது. அப்படி வைத்தால் எந்த எழுத்தையும், எந்தப் படத்தையும் வரையலாம். கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்ற ஊரில் இருந்த செரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடம் 1973இலேயே அப்படி ஒரு கணினியைச் செய்துவிட்டது. அதன் வழிவந்த செரொக்ஸ் ஸ்டார் 1981 ஏப்ரலில், ஐ.பி.எம். கணினிக்கு நான்கு மாதம் முன்னதாக, கடைக்கு வந்தது. அதன் திரையில் 1,024க்கு 808 பிக்சல்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கறுப்பு, வெள்ளை மட்டும் என்றாலும் திரையை நினைவில் வைக்கவே 100 கிலோபைட்டுக்கு மேல் வேண்டும். ஐ.பி.எம். தொடக்கக் கணினியின் முழு நினைவகமும் இதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. நினைவகச் சில்லு தங்கம் மாதிரி விற்ற காலம் அது. ஒரு ஸ்டாரின் விலை 16,595 டொலர். அதுவும் தனியாக ஓடாது. கோப்புகளை வைக்க ஒரு கணினி, ஒரு பிரின்டர், இணைக்கும் கேபிள் எல்லாம் சேர்த்தால்தான் அதை வாங்கியதில் அர்த்தம் இருந்தது. ஐகன், மௌஸ், ஜன்னல் ஜன்னலாகத் திறக்கும் திரை, இன்று நீங்கள் பாவிக்கும் எல்லாமே அதில் இருந்தன. வாங்கத்தான் ஆள் இல்லை.

அடுத்தது அப்பிள் லீசா. 1983 ஜனவரி, 9,995 டொலர். அதுவும் அழகான கணினி, அதுவும் விற்கவில்லை. விற்காமல் மிஞ்சியவற்றில் சுமார் 2,700ஐ 1989இல் யூட்டா மாநிலத்தில் லோகன் என்ற ஊரின் குப்பைமேட்டில் புதைத்தார்கள். பத்தாயிரம் டொலர் கணினிக்கு ஆறே வருடத்தில் மண் போட்டார்கள் என்றதும் தம்பிக்கு இதைத்தான் முதலில் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். ஆனால் கதை அவ்வளவு சுலபமாக இல்லை. லீசாவில் செய்து பார்த்த பல விஷயங்கள் 1984 ஜனவரியில் 2,495 டொலருக்கு மக்கின்டொஷ் என்ற பெயரில் வந்தன. 9 அங்குலத் திரை, 512க்கு 342 பிக்சல்கள். மொத்த நினைவகம் 128 கிலோபைட். அதில் ஆறில் ஒரு பங்கு திரைக்கே போனது.

இந்த 2,495 என்ற எண்ணை மறக்காதீர்கள். அதைச் செய்த பொறியியலாளர்கள் மனதில் வைத்திருந்த விலை 1,995. கடைசி நேரத்தில் நிறுவனத்தின் தலைவர் ஜோன் ஸ்கலி 500 டொலரைக் கூட்டினார். அந்த 500 டொலரில் ஒரு பிக்சல்கூட அதிகமாக வரவில்லை. விளம்பரச் செலவை ஈடுகட்டத்தான் அது. விலைகூடிய பொருள் ஒன்றைப் பார்க்கும்போது நான் இப்போது முதலில் தேடுவது அந்த 500 டொலர் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைத்தான். சில பொருள்களில் அது விலையின் பாதியாகவே இருக்கும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அமெரிக்காவில் வான் சுவன்னுகுல் என்று ஒரு தாய்லாந்துக்காரர். அவர் கையில் இருந்தது ஐ.பி.எம். கணினி. தன் ஆய்வேட்டைத் தாய் மொழியில் தட்டச்சு செய்ய விரும்பினார். பச்சைத் திரையில் தாய் எழுத்துக்கும் இடமில்லை. தாய் எழுத்து எங்கள் எழுத்துக்குத் தூரத்துச் சொந்தம். வட்டங்களும் சுழிகளும், மேலும் கீழும் ஒட்டும் குறிகளும் அதற்கும் உண்டு. பத்தாயிரம் டொலருக்கு லீசா வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. 1982இல் ஓர் அட்டையைத் தானே வடிவமைத்தார். ஐ.பி.எம். கணினிக்குள் செருகினால் அதே பச்சைத் திரையில் 720க்கு 348 பிக்சல்களை விரும்பியபடி வரையலாம். பழைய எழுத்துத் தெளிவும் அப்படியே இருக்கும். அட்டையில் இருந்த நினைவகம் 64 கிலோபைட். விலை 499 டொலர். ஹெர்குலிஸ் என்று பெயர் வைத்து ஒரு நிறுவனமே தொடங்கினார். கணக்குப் பார்ப்பவர்கள் வரைபடம் போட அதை வாங்கினார்கள். பிறகு மற்ற நிறுவனங்கள் அதைப் பார்த்து மலிவாகச் செய்தன. சில வருடங்களில் அது உலகமெங்கும் சாதாரணமாகிப் போனது.

உலகத்தில் பாதிப்பேருக்குத் தெரியாத ஒரு மொழியில் எழுத ஆசைப்பட்ட ஒரு மாணவரின் தேவைதான், மலிவான கணினியின் திரையைத் திறந்துவிட்டது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுபவருக்குப் பச்சைத் திரை போதும். அவருக்கு லீசா ஓர் ஆடம்பரம். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த வித்தியாசம் ஆடம்பரமில்லை. திரையில் நாங்கள் இருக்கிறோமா இல்லையா என்பதுதான் அது. மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கியதும் அதே 1980களின் நடுவில்தான்.

மலிவு எப்படி வந்தது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பக்கத்து வீட்டு மாமாவின் 1,400 டொலர் பெட்டி அங்கேதான் பிறந்தது. ஐ.பி.எம். தன் கணினியின் பாகங்களில் பெரும்பாலானவற்றை வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தியது. அதற்கே உரிய இரகசியம் என்று இருந்தது கணினியை உயிர்ப்பிக்கும் சிறு நிரல் ஒன்றுதான். ஹூஸ்டனில் தொடங்கிய கொம்பாக் நிறுவனம், மூல நிரலைப் பார்க்காத பொறியியலாளர்களை வைத்து அதே வேலையைச் செய்யும் நிரலைப் புதிதாக எழுதியது. விற்பனை தொடங்கிய முதல் வருடமே, 1983இல், 53,000 கணினிகள் விற்றன. அதன் பிறகு ஐ.பி.எம். என்ற மூன்று எழுத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்கவேண்டிய கட்டாயம் ஒவ்வொரு வருடமும் குறைந்துகொண்டே போனது.

மக்கின்டொஷும் முதலில் தடுமாறியது. அதைக் காப்பாற்றியது அதைவிட விலைகூடிய ஒரு பொருள் என்பதுதான் வேடிக்கை. 1985இல் வந்த லேசர்ரைட்டர் பிரின்டரின் விலை 6,995 டொலர். அதற்குள் இருந்த செயலி மக்கின்டொஷுக்குள் இருந்ததைவிட வேகமானது. ஒரு பிரின்டருக்கு ஏழாயிரம் டொலர் என்றால் யாரும் சிரிப்பார்கள். ஆனால் அதே வருடம் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளும் வந்தது. மூன்றையும் சேர்த்தால் ஒரு சஞ்சிகையின் பக்கத்தை மேசையிலேயே அமைத்து அச்சுக்குக் கொடுக்கலாம். பல கணினிகள் ஒரே பிரின்டரைப் பங்கு போடலாம். அச்சுக்கூடத்தின் எழுத்துக்கோப்பு இயந்திரங்களோடு ஒப்பிட்டால் அந்த ஏழாயிரம் மலிவு. ஒரு பொருள் விலை கூடவா குறையவா என்பது அதன் பக்கத்தில் எதை வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்திருக்கிறது. வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு அது பைத்தியக்காரத்தனம். சின்னப் பதிப்பகத்துக்கு அது விடுதலை.

இன்னும் ஒரு தோல்வியைச் சொல்லவேண்டும். அப்பிளை விட்டு வெளியேறிய ஸ்டீவ் ஜொப்ஸ் 1988இல் நெக்ஸ்ட் என்ற கறுப்புக் கணினியைக் கொண்டுவந்தார். விலை 6,500 டொலர். பல்கலைக்கழகங்களுக்கென்று சொன்னார். மாணவர்கள் அந்தக் காசுக்கு எங்கே போவார்கள்? விற்பனை மோசம். ஆனால் அதில் ஒன்று ஜெனீவாவுக்குப் பக்கத்தில் உள்ள சேர்ன் அணு ஆய்வுகூடத்தில் ரிம் பேர்னர்ஸ்-லீயின் மேசைக்குப் போனது. 1990 முடிவதற்குள் அவர் அதில் உலகின் முதல் இணைய உலாவியையும் முதல் இணைய வழங்கியையும் எழுதிவிட்டார். அந்தப் பெட்டியில், இது வழங்கி, நிறுத்தவேண்டாம் என்று கையால் எழுதி ஒட்டிய தாள் இருந்தது. நெக்ஸ்டின் மென்பொருள் கருவிகள் இருந்ததால்தான் சில மாதங்களில் முடிக்க முடிந்தது என்று அவரே பிறகு சொல்லியிருக்கிறார்.

அந்த முதல் உலாவிக்கு ஒரு குறை இருந்தது. அது நெக்ஸ்டில் மட்டும்தான் ஓடும். அதாவது 6,500 டொலர் இருந்தால்தான் இணையம். பயிற்சிக்காக அங்கே வந்த நிக்கோலா பெல்லோ என்ற மாணவி, எந்தச் சாதாரணத் திரையிலும் ஓடக்கூடிய, வெறும் எழுத்து மட்டும் காட்டும் உலாவியை எழுதினார். அது வடிவாக இல்லை. படம் இல்லை, மௌஸ் இல்லை. ஆனால் மற்றவர்கள் இணையத்தை முதலில் பார்த்தது அதன் வழியாகத்தான். பேர்னர்ஸ்-லீயின் பெயர் எல்லோருக்கும் தெரியும். நிக்கோலா பெல்லோவை ஏன் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பது எனக்கு இன்றும் கோபம்தான்.

ஜெனீவாவிலிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலம்கூட இல்லாத தூரத்தில் லோசான் நகரம். அங்கே வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம், 1990களில் 'மயிலை' என்ற தமிழ் எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பின்னால் இருந்தவரும் அவர்தான். எங்கள் வீட்டுக் கொம்பியூட்டருக்குள் முதலில் வந்த தமிழ் எழுத்து மயிலை. ஒருவர் டிஸ்கெட்டில் கொண்டுவந்து தந்தார். அப்பா முதலில் தட்டியது தன் ஊரின் பெயரை.

சரி, திரைக்கு வருவோம். தமிழை மொனிற்றரில் வாசித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஆங்கில எழுத்து சின்னதானாலும் வாசிக்கலாம். தமிழ் எழுத்து சின்னதானால் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 'ன'வும் 'ண'வும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிடும். தலையில் இருக்கும் குற்று காணாமல் போய், 'க்' என்பது 'க' ஆகிவிடும். சின்ன வயதில் எனக்குத் தமிழ் வாசிக்கக் கஷ்டமாக இருந்ததற்கு என் சோம்பல் பாதிக் காரணம். மீதி அந்தப் பிக்சல்கள்.

2001இல் ஐ.பி.எம். ரி220 என்ற மொனிற்றரை விற்பனைக்கு விட்டது. 22 அங்குலத் திரையில் 3,840க்கு 2,400 பிக்சல்கள். மொத்தம் 92 லட்சத்துக்கு மேல். ஓர் அங்குலத்துக்கு 204. கூர்மையில் அச்சடித்த தாளுக்குக் கிட்ட வந்த திரை. விலை சுமார் 22,000 டொலர். அன்றைக்கு அதைவிட மலிவாகக் கார் வாங்கலாம். வாங்கினாலும் நிம்மதி இல்லை. அவ்வளவு பிக்சல்களுக்கும் தகவல் அனுப்ப ஒரு கேபிள் போதாது. முழு வேகத்தில் ஓட நான்கு இணைப்புகள் வரை வேண்டும். விண்டோஸ் மென்பொருள்கள் அப்படி ஒரு திரையை எதிர்பார்க்காததால் எழுத்துகள் எறும்பு மாதிரித் தெரிந்தன. ஆனால் எக்ஸ்-கதிர்ப் படத்தில் ஒரு மயிரிழை வெடிப்பைத் தேடும் வைத்தியருக்கும், செய்மதிப் படத்தை ஆராய்பவருக்கும் அது காசுக்குப் பெறுமதிதான். சில வருடங்களில் விலை 10,000 டொலருக்குக் கீழே இறங்கியது. பிறகு உற்பத்தியே நின்றது.

2012இல் அப்பிள் 15 அங்குல ரெட்டினா லப்டொப்பை வெளியிட்டது. அங்குலத்துக்கு 220 பிக்சல்கள். விலை 2,199 டொலர். பதினொரு வருடத்தில் பத்தில் ஒரு பங்கு விலைக்கு, இன்னும் கூர்மையான திரை, அதுவும் கூடவே ஒரு கணினியோடு. இன்று எங்கள் அம்மாவின் சாதாரணக் கைபேசித் திரை அதைவிடவும் கூர்மை. அம்மா அதில் ஊர்ச் செய்தி வாசிக்கிறார், கண்ணாடி போடாமலே.

இதையெல்லாம் பார்த்தபோது எனக்குப் பட்டது ஒன்றுதான். கூடின விலை என்று நாங்கள் கொடுப்பதில் பெரும் பகுதி காலத்துக்கான விலை. நாளைக்கு எல்லோருக்கும் கிடைக்கப்போவதை இன்றைக்கே எடுப்பதற்கான கழிவு. ஆமாம், சீட்டில் போகும் அதே கழிவுதான். அவசரம் இருப்பவருக்குக் கழிவு போவதில் நியாயம் இருக்கிறது. அவசரம் இல்லாமல் கழிவு போகிறவரைப் பார்த்துச் சீட்டுக்காரர்தான் சந்தோஷப்படுவார்.

மீதிப் பகுதி பெருமைக்கும் அழகுக்கும். 2019இல் அப்பிள் 4,999 டொலருக்கு ஒரு மொனிற்றரை அறிவித்தது. திரைப்படங்களின் நிறத்தைச் சரிசெய்பவர்கள் பாவிக்கும் 43,000 டொலர் திரையோடு அதை ஒப்பிட்டுக் காட்டினார்கள். அதுவரை மண்டபத்தில் கைதட்டல். பிறகு, மொனிற்றரை நிறுத்திவைக்கும் கால் தனியாக 999 டொலர் என்றார்கள். மண்டபம் முழுக்க ஒரு முனகல் எழுந்தது. அந்த ஒளிப்பதிவைப் பார்த்தால் இன்றும் கேட்கலாம். மொனிற்றரின் விலைக்குக் காரணம் இருந்தது. காலின் விலைக்கு அந்த மண்டபத்தில் இருந்த இரசிகர்களே காரணம் கண்டுபிடிக்கவில்லை.

தம்பிக்கு நான் எழுதிக் கேட்டது: "மலிவானதில செய்ய ஏலாத எந்த வேலையை நீ மற்றதில செய்யப்போறாய்?" ஒரு நாள் கழித்துப் பதில் வந்தது: "ஒண்டுமில்லை அக்கா. ஆனா அதின்ர திரை நல்ல வடிவு."

நேர்மையான பதில். வடிவைக் கேலி செய்ய எனக்கு மனம் இல்லை. 2000இல் 1,799 டொலருக்கு வந்த கியூப் என்ற அப்பிள் கணினி விற்காமல் ஒரே வருடத்தில் நின்றுபோனது. இன்று அது நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அழகும் ஒரு பயன்தான், ஆனால் அதற்கு யார் இரவு வேலை செய்வது என்று பார்க்கவேண்டும்.

அப்பாவின் கணக்குக்கு வருகிறேன். அந்தக் கொம்பியூட்டரில் அவர் செய்தது ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலர். எங்கள் ஊர் வலிகாமம் வடக்கில் இருக்கிறது. அப்போது அங்கே யாரும் இல்லை. எல்லோரும் இடம்பெயர்ந்து, யார் எங்கே என்று தெரியாமல் சிதறியிருந்தார்கள். 1997 மலரின் கடைசிப் பன்னிரண்டு பக்கங்களில் அப்பா ஒரு பட்டியல் போட்டார்: குடும்பப் பெயர், ஊரில் எந்த ஒழுங்கை, இப்போது எந்த நாடு, எந்த முகாம், எந்தத் தொலைபேசி எண். வேலை முடிந்து இரவு ஒரு மணிக்கு வந்து, கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, அந்த 17 அங்குலத் திரையில் ஒவ்வொரு குற்றாகப் பார்த்துத் திருத்துவார். பெயரில் ஒரு குற்று விடுபட்டால் அது வேறு ஆள் என்பார். மலர் போன பிறகு ஜேர்மனியிலிருந்து ஒரு பெண் அழைத்தார். தன் பள்ளித் தோழி உயிரோடு இருப்பது அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரியும் என்று சொல்லி, தொலைபேசியிலேயே நெடுநேரம் அழுதார். அம்மாதான் எடுத்துக் கதைத்தார்.

1,400 டொலர் பெட்டி வந்தது 1998இல். அதற்காகக் காத்திருந்தால் காசு மிச்சம், காரும் வந்திருக்கும். பட்டியல் ஒரு வருடம் பிந்தியிருக்கும். அந்தத் தொலைபேசி அழைப்பையும் பஸ் தரிப்பிடத்தில் அம்மா நின்ற இரண்டு குளிர்காலத்தையும் எந்தத் தராசில் வைப்பது? நான் அம்மாவிடம் போன ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். "கொம்பியூட்டர் சரி. கழிவு கொஞ்சம் கூடப் போயிட்டார்" என்றார்.

பெட்டி 1999இலேயே கிழடாகிவிட்டது. மொனிற்றரை 2006வரை பாவித்தோம். மூன்று பெட்டிகளை அது கண்டது. இதை நான் தம்பிக்கு முக்கியமாகச் சொன்னேன். பெட்டி சீக்கிரம் பழசாகும், நல்ல திரை நின்று பிடிக்கும். லப்டொப்பில் இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்கிறார்கள். ஒன்று கிழடானால் மற்றதும் அதோடு போகும். அதனால் அவன் 1,050 டொலர் லப்டொப்பை எடுத்தான். வீட்டில் படிக்கும் மேசைக்கு 380 டொலருக்கு ஒரு 27 அங்குல மொனிற்றரும் எடுத்தான். தமிழ் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் தெரிவு செய்தேன் என்று எனக்கு ஒரு படமும் அனுப்பினான். 'ண்ண' என்று எழுதியிருந்தது. சுழிகள் எல்லாம் தனித்தனியாக இருந்தன.

மொனிற்றர் பெட்டி வந்த அன்று சித்தி இரவு வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். அந்த 999 டொலர் கால் கதையைத் தம்பி அவருக்குச் சொல்லியிருக்கிறான் போல. ஜக்கெற்றைக்கூடக் கழற்றாமல் பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"பிள்ளை, காலும் இதுக்குள்ளதானே இருக்கு?"